ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்: இலியா மெச்னிகோவின் கதை



ஹாஸ்டல் கிரவுண்ட்ல செருப்பு இல்லாம ஓடி, கால்ல முள் குத்தின அனுபவம் நம்மில் பல பேருக்கு இருக்கும். குத்தின அன்னிக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. மறுநாள் காலையில பார்த்தா அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடா இருக்கும். தொட்டா வலிக்கும். ரெண்டு நாள்ல சீழ் கட்டும். அப்புறம் முள்ளும் சீழும் சேர்ந்து வெளியே வந்து புண் ஆறிடும். நாமளும் அதை மறந்துட்டு அடுத்த மேட்ச்சுக்குப் போயிடுவோம்.

அந்த வீக்கத்துக்குள்ள என்னதான் நடக்குது?

இந்தக் கேள்விக்கு, உயிரோடு இருக்கும் ஓர் உடம்புக்குள்ளேயே எட்டிப் பார்த்து விடை கண்டவர் இலியா மெச்னிகோவ். இவர் டாக்டர் கிடையாது. கடல் புழுக்களையும் ஜெல்லி மீன்களையும் ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு விலங்கியல்காரர். வாழ்க்கையே வேண்டாம் என்று ஒரு காலத்தில் முடிவெடுத்த மனிதரும்கூட. அவர்தான் நம் உடம்பு தன்னைத் தானே எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னார். அவருடைய கதையைத்தான் இந்த இதழில் பார்க்கப்போகிறோம்.

காசு கொடுத்துப் பாடம் நடத்திய பையன்

1845 மே மாதம், அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த கார்கோவ் நகருக்கு (இன்று உக்ரைனில் உள்ள கார்கிவ்) அருகே ஒரு கிராமத்தில் மெச்னிகோவ் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. அம்மா யூத வம்சாவளியைச் சேர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

சின்ன வயதிலேயே செடி, பூச்சி என்று எதைப் பார்த்தாலும் ஆராய்ச்சிதான். தெரிந்துகொண்டதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அதனால் அண்ணன்களையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவாராம். சும்மா உட்காரச் சொன்னால் யார் உட்காருவார்கள்? வருகிற ஒவ்வொருவருக்கும் தன் கைக்காசிலிருந்து ரெண்டு கோபெக் கொடுப்பாராம்! அட்டெண்டன்ஸுக்காக கிளாஸ் போகும் நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

கார்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை ரெண்டே வருடத்தில் முடித்தார். பிறகு ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றி, கடல் உயிரினங்களின் கருவளர்ச்சியைப் படித்தார். அந்த ஆராய்ச்சிக்காக 1867-ல், நண்பர் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கியுடன் சேர்ந்து, கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் பெயரிலான பரிசைப் பெற்றபோது அவருக்கு வயது 22.

இந்தக் காலத்தில் அவர் பார்த்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1865-ல் ஜெர்மனியின் கீசன் நகரில், ஒரு தட்டைப்புழுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். நம் குடலில் உணவு செல்களுக்கு வெளியே செரிக்கிறது. அந்தப் புழுவிலோ செல்கள் உணவுத் துணுக்குகளை அப்படியே உள்ளே இழுத்து, தங்களுக்குள்ளேயே செரித்தன. அமீபா சாப்பிடுகிற மாதிரி. அப்போது அது அவருக்கு ஒரு சுவாரசியமான குறிப்பு, அவ்வளவுதான்.

இருட்டான வருடங்கள்

1869-ல் லுட்மிலா என்ற பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். லுட்மிலாவுக்குக் காசநோய். நடக்கத் தெம்பில்லாமல், கல்யாணத்தன்று சர்ச்சுக்கு அவரை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வந்தார்கள். அடுத்த நான்கு வருடங்களும் மனைவியைக் காப்பாற்றும் போராட்டம்தான். குளிர் குறைந்த ஊராகத் தேடித் தேடிப் போனார்கள். செலவுக்காக இரவு பகலாக எழுதினார், மொழிபெயர்த்தார். போதாக்குறைக்குக் கண் கோளாறு வேறு. மைக்ரோஸ்கோப்பை நம்பிப் பிழைக்கும் மனிதருக்குக் கண் வலித்தால் என்ன செய்வது?

1873-ல் மடேரா தீவில் லுட்மிலா இறந்துபோனார். இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் தைரியம்கூட மெச்னிகோவுக்கு இல்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் உயிரை விட முயன்றார். பிழைத்துக்கொண்டார். அதே நாட்களில் ஜெனீவாவில் ஒரு பாலத்தில், விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சிகளைப் பார்த்தாராம். சில மணி நேரமே வாழும் இந்தப் பூச்சிகளுக்கு இயற்கைத் தேர்வு எப்படிப் பொருந்தும் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. சாக நினைத்த மனிதரை ஒரு கேள்வி வந்து மறுபடி இந்தப் பக்கம் இழுத்துவிட்டது.

ஒடெஸா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வேலையைத் தொடர்ந்தார். 1875-ல் ஓல்கா என்ற பெண்ணை மணந்தார். ஆனால் சோதனைகள் நிற்கவில்லை. ஓல்காவுக்கு டைஃபாய்டு வந்து சாவின் விளிம்புவரை போய் வந்தார். 1881-ல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதன்பின் பல்கலைக்கழகங்கள் மீது அரசாங்கத்தின் பிடி இறுகியது. மாணவர் போராட்டம், பேராசிரியர்களுக்குள் அரசியல் என்று வளாகமே கொதித்தது. மறுபடியும் மனம் உடைந்த மெச்னிகோவ், ஒருவகைத் தொற்றுக் காய்ச்சல் நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். நோய் ரத்தம் வழியாகப் பரவுமா என்று பார்க்கும் சோதனை என்றுதான் அதற்குப் பெயர். பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி என்ற மனநிலையில் செய்தது என்று ஓல்கா பின்னாளில் எழுதிய வரலாற்றிலிருந்து தெரிகிறது. கடுமையாகக் காய்ச்சல் வந்து, பிழைத்தார். எழுந்து உட்கார்ந்தபோது வாழ வேண்டும் என்ற ஆசையும் கூடவே திரும்பி வந்திருந்தது.

1882-ல் வேலையை ராஜினாமா செய்தார். பெற்றோரை இழந்த ஓல்காவின் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினாவுக்குப் போனார். கையில் வேலை இல்லை. ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது. வாசலில் கடல் இருந்தது.

சர்க்கஸுக்குப் போகாதவர்

1882 டிசம்பர். ஊருக்கு சர்க்கஸ் வந்திருந்தது. வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். மெச்னிகோவ் மட்டும் வீட்டில் தனியாக, நட்சத்திர மீனின் லார்வாவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த லார்வாவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அறுக்க வேண்டாம், சாயம் ஏற்ற வேண்டாம், கொல்ல வேண்டாம். உள்ளே நடப்பது நடந்தபடியே தெரியும். நம்ம பாஷையில் சொன்னால், மெஷினின் கேஸிங்கைக் கழற்றாமலே ஓடும் இன்ஜினைப் பார்ப்பது மாதிரி.

அந்த உடம்புக்குள் சில செல்கள் இங்கும் அங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. அவை குடலைச் சேர்ந்தவை அல்ல. ஆனாலும் எதிரே வரும் துணுக்குகளை விழுங்கின. பழைய தட்டைப்புழு ஞாபகம் வந்ததோ என்னவோ, சட்டென்று ஒரு யோசனை. செரிமானத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு செல் ஏன் விழுங்க வேண்டும்? உள்ளே நுழையும் வேண்டாத பொருளிடமிருந்து உடம்பைக் காப்பதுதான் அதன் வேலையாக இருந்தால்?

அப்படியானால் ஒரு சோதனை சுலபம். இந்த லார்வாவுக்குள் ஒரு முள்ளைக் குத்தினால், சிறிது நேரத்தில் அந்தச் செல்கள் முள்ளைச் சுற்றிக் கூட வேண்டும், நம் விரலில் முள் குத்தினால் சீழ் கூடுகிற மாதிரி. உட்கார முடியாமல் அறைக்குள் நடந்தார். கடற்கரைக்கும் போய் வந்தார். வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடி இருந்தது. சில நாள் முன்னால்தான் அதே தோட்டத்தில் ஒரு சின்ன ஆரஞ்சு மரத்தைப் பிள்ளைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். ரோஜாவிலிருந்து சில முட்களை எடுத்து, தண்ணீர் போலத் தெளிவாக இருந்த லார்வாக்களின் தோலுக்கு அடியில் செருகினார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார். முள்ளைச் சுற்றி ஊரும் செல்கள் அப்பிக்கொண்டிருந்தன.

இது ஏன் பெரிய விஷயம்?

அன்றைய மருத்துவர்கள் சீழையோ வெள்ளை அணுக்களையோ பார்க்காதவர்கள் அல்ல. நோயில் இறந்தவர்களின் உடல் திசுவை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நிறையப் பார்த்திருந்தார்கள். வெள்ளை அணுவுக்குள் கிருமி இருப்பதும் தெரிந்திருந்தது. ஆனால் பலர் அதற்குச் சொன்ன அர்த்தம் நேர் எதிரானது. கிருமிதான் வெள்ளை அணுவுக்குள் புகுந்து, அதில் சவாரி செய்து உடம்பெங்கும் பரவுகிறது என்றார்கள். அழற்சி என்பது ரத்தக் குழாய்களில் ஏற்படும் கோளாறு, அது உடம்புக்குக் கெடுதல் என்பதும் அன்றைய பாடம்.

ஒரு போட்டோவை மட்டும் பார்த்து யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று சொல்ல முடியுமா? போலீஸும் திருடனும் சேர்ந்து ஓடுகிற போட்டோ என்றால், யார் முன்னால் ஓட ஆரம்பித்தது என்று வீடியோ பார்த்தால்தான் தெரியும். செத்த திசு என்பது போட்டோ. மெச்னிகோவ் பார்த்தது வீடியோ. செல்கள் தாமாக நகர்ந்து வந்து முள்ளைச் சூழ்ந்தன. அதுவும் ரத்தக் குழாயே இல்லாத ஓர் உயிரினத்தில்! அப்போ அழற்சியின் அடிப்படை ரத்தக் குழாய் கிடையாது, இந்த ஊரும் செல்கள்தான். வீக்கம் என்பது கோளாறு அல்ல, உடம்பு பதிலடி கொடுக்கிறது.

1883-ல் மெசினாவுக்கு வந்த பெரிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ஷோவிடம் இதைக் காட்டினார். அவர் ஊக்கப்படுத்தினார். ஆனால் மருத்துவ உலகம் இதற்கு நேர்மாறாக நம்புகிறது, கவனமாக நட என்றும் எச்சரித்தார். வியன்னாவில் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளாஸ், இந்தத் தின்னும் செல்களுக்கு கிரேக்கத்திலிருந்து ஒரு பெயரைத் தேடிக் கொடுத்தார்: ஃபேகோசைட். தமிழில் விழுங்கணு என்று வைத்துக்கொள்ளலாம்.

நீர்த்தெள்ளுக்குள் ஒரு போர்

முள் ஒரு ஜடப்பொருள். நிஜமான நோய்க்கிருமியையும் இந்தச் செல்கள் எதிர்க்குமா? அதைக் காட்ட 1884-ல் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை எடுத்துக்கொண்டார். குளத்துத் தண்ணீரில் இருக்கும் இந்தச் சின்ன உயிரும் ஊடுருவித் தெரியக்கூடியதுதான்.

இதைத் தாக்கும் ஒருவகை ஈஸ்ட் உண்டு. அதன் ஸ்போர்கள் ஊசி மாதிரி கூர்மையானவை. நீர்த்தெள்ளு இரையோடு சேர்த்து அவற்றை விழுங்கும்போது, ஊசிமுனை குடல் சுவரைக் குத்திக்கொண்டு உடம்புக்குள் நீட்டும். உடனே வெள்ளை அணுக்கள் ஓடி வந்து அந்த ஊசியைச் சூழ்கின்றன. ஊசி வீங்கி, உருக்குலைந்து, துணுக்குகளாகிறது. நீர்த்தெள்ளு பிழைக்கிறது. ஆனால் ஸ்போர்கள் அதிகமாக நுழைந்தாலோ, ஏதாவது ஒன்று தப்பி முளைவிட்டாலோ, ஈஸ்ட் உடம்பு முழுக்கப் பெருகி நீர்த்தெள்ளு சாகிறது.

நோயா, உடம்பா, யார் ஜெயிப்பது என்ற போட்டியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு மனிதர் நேரில் பார்த்துக் குறித்தார். பிறகு தவளை, முயல் என்று மேலே போய், ஆந்த்ராக்ஸ் கிருமியிலும் வீரியம் குறைந்தவற்றை விழுங்கணுக்கள் தின்றுவிடுகின்றன, வீரியம் உள்ளவை தப்பித்துவிடுகின்றன என்று காட்டினார்.

1886-ல் ஒடெஸாவில் ரேபிஸ் தடுப்பூசி போடுவதற்காக ஒரு பாக்டீரியா ஆய்வு நிலையம் திறந்தார்கள். ரஷ்யப் பேரரசில் அதுதான் முதல். மெச்னிகோவ் அதன் தலைவர். ஆனால் டாக்டர் பட்டம் இல்லாதவர் என்று உள்ளூர் மருத்துவர்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த நிலையம் தயாரித்த ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டு ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்ததும் நிலைமை கைமீறிப் போனது. 1888-ல் பாரிஸுக்குக் கிளம்பினார். லூயி பாஸ்டர் தன் புதிய நிறுவனத்தில் அவருக்கு ஒரு லேப் கொடுத்தார். கடைசிவரை அதுதான் அவருக்கு வீடு மாதிரி.

செல்லா, சீரமா?

இங்கேதான் உண்மையான சண்டை ஆரம்பம்.

அதே காலத்தில் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். செல்களையெல்லாம் நீக்கிவிட்டு வெறும் சீரத்தை மட்டும் டெஸ்ட் ட்யூப்பில் எடுத்தாலும் அது பாக்டீரியாவைக் கொன்றது. 1890-ல் எமில் ஃபான் பெரிங்கும் ஜப்பானியரான கிடாசாடோவும் ஒரு படி மேலே போனார்கள். டெட்டனஸுக்கு எதிர்ப்பு சக்தி பெற்ற விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்கு ஏற்றினால், அதுவும் தப்பித்தது. டிஃப்தீரியாவுக்கும் இதே வழி. செல்லே வேண்டாம், திரவமே போதும்! இந்த வழியில் டிஃப்தீரியா குழந்தைகள் பிழைக்கவும் ஆரம்பித்தார்கள். அப்படியென்றால் விழுங்கணுக்கள் எதற்கு? போர் முடிந்தபின் குப்பை அள்ளும் ஆட்கள்தான் என்று எதிர்த்தரப்பு சொன்னது.

மெச்னிகோவின் பதில் எப்போதும் ஒன்றுதான். ட்யூப்பில் நடப்பதெல்லாம் உடம்புக்குள் நடந்தே ஆக வேண்டும் என்று இல்லை. ரத்தத்தை வெளியே எடுத்து உறைய வைத்தால் செல்கள் அடிபட்டு, உள்ளே இருப்பதைக் கசிய விடும். அதைத்தான் நீங்கள் சீரத்தின் சக்தி என்கிறீர்கள். உயிருள்ள உடம்பில் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

சரி, பார்த்துவிட்டே வருகிறோம் என்று வந்தார் ரிச்சர்ட் ஃபைஃபர். 1894-ல், காலராவுக்கு எதிர்ப்பு சக்தி பெற்ற கினிப் பன்றியின் வயிற்றறைக்குள் உயிருள்ள காலரா கிருமிகளைச் செலுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை எடுத்துப் பார்த்தார். கிருமிகள் அசைவு நின்று, உருண்டையாகி, கரைந்தே போயின. எந்தச் செல்லும் அவற்றை விழுங்கவில்லை. மெச்னிகோவ் கேட்ட அதே உயிருள்ள உடம்பில்! அவருடைய ஆயுதமே அவர் பக்கம் திரும்பிவிட்டது.

மெச்னிகோவ் விடவில்லை. ஊசி போட்ட அதிர்ச்சியில் வயிற்றறையிலிருந்த வெள்ளை அணுக்கள் சிதைந்து, சத்தைக் கசியவிட்டன என்று வாதாடினார். இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர் அவர் லேபிலேயே வேலை பார்த்த ஜூல் போர்டே என்ற பெல்ஜியம் இளைஞர். போர்டேயின் சோதனைகள் என்ன காட்டின தெரியுமா? சீரத்திலேயே ரெண்டு பொருட்கள் இருக்கின்றன, ஒன்று கிருமியை அடையாளம் காண்பது, இன்னொன்று கொல்வது என்று. இன்று ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் என்று படிக்கிறோமே, அவைதான். அதாவது கைடின் எதிரிகளுக்குச் சாதகமான முடிவு கைடின் லேபிலிருந்தே வெளிவந்தது. அந்தப் பேப்பர் முடக்கப்படவில்லை. போர்டே பின்னாளில் நோபல் பரிசும் வாங்கினார். தோற்றுவிடக் கூடாது என்று ஆவேசமாக வாதாடிய மனிதர், தனக்கு எதிரான ரிசல்ட்டையும் வெளியே வர விட்டார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சொல்ல வேண்டிய தப்பும் உண்டு. 1892-ல் பிரான்ஸில் காலரா பரவியபோது, மெச்னிகோவ் தானே காலரா கிருமியைக் குடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. லேபில் வேறு சிலரும் குடித்தார்கள். அவர்களில் ஒரு உதவியாளர் சாகும் நிலைக்குப் போய்த்தான் மீண்டார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

தொட்டுக்க ஏதாவது வேணும்

சண்டைக்கு முடிவு லண்டனிலிருந்து வந்தது. 1903-ல் ஆல்ம்ராத் ரைட் என்பவர், சீரத்தில் இருக்கும் சில பொருட்கள் கிருமியின் மேல் படிந்தால், விழுங்கணுக்கள் அதை இன்னும் வேகமாக விழுங்குகின்றன என்று காட்டினார். அவற்றுக்கு ஆப்சோனின் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அந்த வேர்ச்சொல்லுக்கு, சோறு ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் கறி என்று அர்த்தம். வெறும் சோறு இறங்காது, தொட்டுக்க ஏதாவது வேணும், இல்லையா? அதேதான். செல்லும் வேணும், சீரமும் வேணும்.

1908-ம் வருட மருத்துவ நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ஒருவர் செல் கட்சியின் மெச்னிகோவ். இன்னொருவர் சீரம் கட்சியின் பால் எர்லிக். அந்த டிசம்பர் 28-ம் தேதிதான் பெரும் நிலநடுக்கமும் கடல் அலையும் வந்து மெசினா நகரையே தரைமட்டமாக்கின. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் ஆரம்பமாக இருந்த அந்த ஊர், அதற்கான பரிசு கிடைத்த அதே மாதத்தில் அழிந்துபோனது.

இந்தியாவுக்கும் இவருக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. ஒடெஸாவில் இவரிடம் படித்தவர் வால்டெமார் ஹாஃப்கின். குருவைத் தொடர்ந்து பாரிஸுக்கு வந்து, காலரா தடுப்பூசி உருவாக்கி, 1893-ல் அதை எடுத்துக்கொண்டு இந்தியா வந்தார். 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். மும்பையில் இன்றும் இருக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் இவர் பெயரில்தான்.

தயிர் தாத்தா

வயதான காலத்தில் மெச்னிகோவின் கவனம் முதுமை பக்கம் திரும்பியது. ஜெரன்டாலஜி என்ற சொல்லை 1903-ல் உருவாக்கியவரே இவர்தான். பெருங்குடலில் வாழும் கெட்ட பாக்டீரியாக்கள் உடம்பை மெதுவாக விஷமாக்குகின்றன, தயிரில் உள்ள பாக்டீரியா அவற்றை அடக்கும் என்று நம்பினார். பல்கேரியக் கிராமத்தினர் தயிர் சாப்பிட்டு நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்ற செய்தி அவரைப் பிடித்துக்கொண்டது. தினமும் புளித்த பால் குடித்தார். அவர் பேச்சால் ஐரோப்பாவில் தயிருக்குப் பெரிய மவுசு வந்தது. நம்ம வீட்டில் பாட்டி சொன்னா யாரும் கேக்க மாட்டோம், நோபல் விஞ்ஞானி சொன்னா கேப்பாங்க!

தயிர் ஆயுளை நீட்டும் என்பதை அவரால் நிரூபிக்க முடியவில்லை. நரை முடிக்குக் காரணம் விழுங்கணுக்கள் நிறத்தைத் தின்பதுதான் என்றும் சொன்னார், அதுவும் நிற்கவில்லை. ஆனால் குடல் பாக்டீரியாவுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்ற அவருடைய கேள்வி இன்று பெரிய ஆராய்ச்சித் துறையாகிவிட்டது.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. லேபில் இருந்த இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள். லேப் வெறிச்சோடியது. மெச்னிகோவுக்கு இதயம் பலவீனமானது. ஒருகாலத்தில் சாகத் துணிந்தவர், இப்போது தன் நோயின் ஒவ்வொரு அறிகுறியையும் குறிப்பெடுத்தார். இறந்தபின் தன் உடலை அறுத்துக் குடலை நன்றாகப் பார்க்கும்படி நண்பரான டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். 1916 ஜூலை 15-ல், 71-வது வயதில் பாரிஸில் இறந்தார். அவர் அஸ்தி பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

முள் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது

அவர் இறந்தபின் பல பத்தாண்டுகள் ஆன்டிபாடி பக்கமே காற்று வீசியது. திரவத்தை அளக்கலாம், எண்ணாகச் சொல்லலாம். உயிருள்ள உடம்புக்குள் ஓடும் செல்லைப் பார்ப்பதோ கஷ்டம். நாமெல்லாம் ஒளி ஊடுருவும் லார்வாவா என்ன?

அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆப்டிக்ஸிலிருந்து. 1990-ல் டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப் வந்தது. அகச்சிவப்பு லேசர் திசுவுக்குள் ஆழமாகப் போகும். ரெண்டு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் ஒரே மூலக்கூறில் மோதினால் மட்டுமே அது ஒளிரும். அப்படி மோதும் அளவுக்கு நெருக்கம் லேசர் குவியும் புள்ளியில்தான் கிடைக்கும். அதனால் சுற்றியுள்ள திசு இருட்டாகவே இருக்க, அந்தப் புள்ளி மட்டும் தெளிவாகத் தெரியும். 2002-ல் இந்த முறையில் நிணநீர்க் கணுவுக்குள் வெள்ளை அணுக்கள் நகர்வதை நேரடியாகப் படம் பிடித்தார்கள். அசையாத படங்களில் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தவை, உள்ளே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இன்னொரு பக்கம் வரிக்குதிரை மீன். ஜீப்ராஃபிஷ் என்று அக்வேரியம் கடையில் கேட்டால் கிடைக்கும் அதே மீன். அதன் லார்வா கண்ணாடி மாதிரி இருக்கும். வெள்ளை அணுக்கள் பச்சையாக ஒளிரும்படி மரபணுவை மாற்றி, வாலில் சின்னதாக ஒரு வெட்டு போடுவார்கள். சில நிமிடங்களில் பச்சைப் புள்ளிகள் வெட்டை நோக்கி ஓடி வருவது ஸ்கிரீனில் தெரியும். அந்த வீடியோவைத் தேடிப் பாருங்க. மெசினாவில் நடந்த அதே சோதனை. ரோஜா முள்ளுக்குப் பதில் ஒரு பிளேடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆன்டிபாடியைத் தயாரிப்பது எது என்று பார்த்தால், அதுவும் வெள்ளை அணுக்களில் ஒரு வகைதான். விழுங்கணு இல்லை, ஆனால் அதே பெரிய குடும்பம். சீரத்தின் சக்தி வெள்ளை அணுவிலிருந்துதான் வருகிறது என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது.

ஒரு சர்க்யூட்டை ஆஃப் பண்ணிட்டு மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது ஒரு விதம். ஓடும்போதே ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பது இன்னொரு விதம். ரெண்டும் வேணும். ஆனா ஓடும்போது மட்டும் வரும் ஃபால்ட்டை, ஆஃப் பண்ணிட்டுத் தேடினா கிடைக்காது. மெச்னிகோவின் வாதங்களில் பல தோற்றிருக்கலாம். உயிரோடு இருப்பதை உயிரோடு இருக்கும்போதே பார் என்று அவர் சொன்னது மட்டும் தோற்கவில்லை.

அடுத்த தடவை கால்ல முள் குத்தி வீங்கினா, திட்டாதீங்க. உள்ளே உங்களுக்காக யாரோ நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு இருக்காங்க. முள்ளை எடுத்துட்டு, கழுவிட்டு, டெட்டனஸ் ஊசி போட வேண்டியிருந்தா போட்டுக்கோங்க. அது சீரம் கட்சிக்காரங்க நமக்கு விட்டுட்டுப் போனது!